குறியீடும் கோலமும்: ஒருமுறை வரைந்து பலமுறை வழங்கும் வடிவங்களின் வரலாறு

தோற்றுவாய்

'குறியீடு' என்னும் சொல் நம் வட்டத்துப் பாவலர்க்குப் புதியதன்று. 1959ஆம் ஆண்டு சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழும், அதனையொட்டி வளர்ந்த புதுக்கவிதைத் திறனாய்வும் படிமம், குறியீடு ஆகிய இரு சொற்களையும் தமிழில் வேரூன்றச் செய்தன. இதே சொல்லுக்கு இன்னோர் இடத்திலும் வேலை இருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குக் கணினியில் வரைபடம் ஆக்கும் வரைவாளரும் குறியீடுகளைக் கொண்டே தம் பணியைச் செய்கிறார். அவர் அதனைச் 'சிம்பல்' என்றோ 'பிளாக்' என்றோ சொல்வார். கதவு, வால்வு, மோட்டார், திருகாணி எனத் தமக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் ஒருமுறை வரைந்து, பெயரிட்டுச் சேமித்து, வேண்டும் இடமெல்லாம் அழைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

பாவலரின் குறியீடு ஒரு சொல்லில் பல பொருளைப் பொதிந்து வைப்பது. வரைவாளரின் குறியீடோ ஒரு பொருளைத் தவிர வேறெதையும் குறிக்கலாகாது. குறித்தால் ஆலையில் குழாய் தவறான இடத்தில் இணையும். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலா? அன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒருமுறை ஆக்கிய வடிவத்தை மீண்டும் மீண்டும் வழங்கும் முறை கணினியோடு பிறந்ததன்று. அச்சுக்கூடத்திலும் தறியிலும் வாசற்கோலத்திலும் அது நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளது. தாம்பரத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று கோலத்தையும் கணினியையும் ஒரே இலக்கணத்துக்குள் கொண்டுவந்தும் காட்டியது.

முதலில் வரையப்படும் மூலத்தைத் 'தாய் வடிவம்' என்றும், அதனை அழைத்து இடும் ஒவ்வொரு படியையும் 'சேய் வடிவம்' என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்வரலாற்றில் எங்கு நோக்கினும் மூன்று வினாக்கள் எழுகின்றன. தாய் மாறினால் சேய் மாறுமா? சேய் தன் இடத்துக்கேற்ப எவ்வளவு மாறலாம்? வடிவத்தின் பெயரும் அதனைத் திருத்தும் உரிமையும் யாரிடம் உள்ளன? முதலிரண்டும் நுட்பம் பற்றியன. மூன்றாவது நம் பண்பாட்டு நினைவு பற்றியது.

அச்சுக்கூடத்தில்

தமிழில் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து அச்சிட்ட முதல் நூல் வரிசையில் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' நிற்கிறது. என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் முயற்சியால் அது வெளிவந்தது. எழுத்து வார்க்கும் முறை எளிதாகச் சொல்லக்கூடியதே. எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்குவர். அதனைச் செம்பில் அறைந்தால் எழுத்தின் பள்ளம் பதியும். அப்பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்ற, ஒரே முகமுடைய எழுத்துகள் எத்தனை வேண்டினும் கிடைக்கும். ஒரு தாய், எண்ணற்ற சேய்.

ஆயினும் இங்கே தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு வார்த்த நொடியோடு முடிந்துவிடுகிறது. எஃகு மூலத்தைத் திருத்தினாலும் முன்னரே வார்த்த எழுத்துகள் திருந்தா. செருமனியின் ஃகாலேயில் வார்க்கப்பட்டு 1713ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சீகன்பால்கு முதலியோர்க்கு ஒரே வழிதான் இருந்தது: அங்கேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்துக்கொண்டனர். 1935ஆம் ஆண்டு பெரியார் 'குடி அரசு' இதழில் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டு ஆணையால் ஏற்றபோதும் இந்நிலையே. 'னை', 'றா' முதலியன புது வடிவம் பெற்றன; பழைய நூல்களில் இருந்தவை பழைய வடிவத்திலேயே நின்றன. ஆணை தாய் வடிவத்தை மாற்றியது. பரவிய சேய்களை அதனால் அழைக்க இயலவில்லை.

ஒருங்குறி இவ்வுறவை மாற்றியது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் சேமிக்கப்படுவது எழுத்தின் உருவம் அன்று, அதன் எண். உருவம் எழுத்துருக் கோப்பிலிருந்து வருகிறது. எழுத்துருவை மாற்றினால் நூல் முழுவதும் ஒரு கணத்தில் மாறும். மேலும் 'கொ' என்பதைத் தனி எழுத்தாக வைக்காமல் ககரமும் ஒகரக் குறியும் எனப் பிரித்து வைத்தனர். உறுப்புகளைச் சேர்த்துக் கட்டுவதா, 247 எழுத்துகளையும் தனித்தனியே வைப்பதா என்பது தமிழ்க் கணிமை அறிஞரிடையே நெடிய விவாதமாயிற்று. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியோடு, உயிர்மெய்களைத் தனித்தனியே வைக்கும் 'டேஸ் 16' முறையையும் தரமாக ஏற்றது இவ்விவாதத்தின் விளைவு. எதனைத் தாய் வடிவமாகக் கொள்வது என்னும் வினா தொழில்நுட்பத்தோடு நில்லாமல் மொழியின் இயல்பைத் தொடுகிறது என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டா.

தறியின் அட்டை

பள்ளிப்பட்டு வட்டாரத்தார்க்கு நெசவு நூலறிவன்று. பொதட்டூர்பேட்டை உள்ளிட்ட ஊர்களில் அது வழிவழித் தொழில். கைத்தறியின் ஓசை கேட்ட தெருக்கள் பலவற்றில் இன்று விசைத்தறி ஓசை கேட்கிறது. ஆகவே ஜக்கார்டு அட்டையைப் பற்றி நம் ஊரார்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும் கணினி வரைவின் முன்னோடி அதுவே என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார் 1804ஆம் ஆண்டளவில் செப்பஞ்செய்த பொறி அது. அவர்க்கு முன்னரே 1725இல் புஷோன் என்பார் துளையிட்ட தாளைத் தறியில் பயன்படுத்தியிருந்தார். முறை இதுதான்: வடிவத்தைக் கட்டத்தாளில் வரைவர். தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். ஊடை ஒன்றுக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி எழும். அதனோடு பாவிழையும் எழும். துளை இல்லாத இடத்தில் இழை கீழே நிற்கும்.

நமக்கு வேண்டிய நுட்பம் கொக்கிக்குக் கீழே இருக்கிறது. ஒரு கொக்கியில் ஒரு கயிறு மட்டும் கட்டப்படுவதில்லை. சேலையின் அகலத்தில் ஒரே புட்டா பத்து இடத்தில் வரவேண்டுமானால், அக்கொக்கியிலிருந்து பத்துக் கயிறுகள் பத்து இடத்து இழைகளுக்குச் செல்லும். கொக்கி ஒருமுறை எழுந்தால் பத்து இழைகளும் உடன் எழும். அட்டையில் ஒரு துளையை மாற்றினால் பத்துப் புட்டாக்களும் ஒருசேர மாறும். அச்சுக்கூடத்தில் அறுந்துபோன தாய்–சேய் உறவு தறியில் கயிறாகவே தொங்குகிறது.

இதனால் வரும் நன்மை வெளிப்படை. தீமையும் அதே கயிற்றில்தான் வருகிறது. தவறான துளை ஒன்று பத்து இடத்திலும் தவறாகும். கை நெசவில் ஒரு பூவில் நேர்ந்த பிழை அந்தப் பூவோடு போகும். அட்டையின் பிழை அட்டை இருக்குமளவும் திரும்பத் திரும்ப வரும். மீளப் பயன்படும் வடிவத்தை ஆள்வோர் யாராயினும் முதலில் அறிய வேண்டிய உண்மை இது.

ஒளிப் பேனாவும் அறுகோணமும்

1963ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் இளைஞர் தம் முனைவர்ப்பட்ட ஆய்வேட்டை அளித்தார். அதன் பெயர் 'ஸ்கெட்ச்பேட்'. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்–2 என்னும் கணினியின் திரையில் ஒளிப் பேனாவைக் கொண்டு வரையும் முறையை அவர் அமைத்தார். அதுகாறும் எண்ணும் எழுத்துமாகக் கணினியோடு உரையாடிய மனிதர், முதன்முறையாகக் கோடுகளால் நேர்நின்று உரையாடினர் எனலாம். இப்பணியை உள்ளிட்ட சாதனைகளுக்காக அவருக்கு 1988ஆம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது.

அவ்வேட்டில் நம் பொருளுக்கு நெருங்கிய பகுதி, தாய் வடிவத்தையும் அதன் படிகளையும் பற்றியது. சதர்லண்ட் ஓர் அறுகோணத்தை வரைகிறார். அதனைப் பன்முறை அழைத்து, மூலைகளை ஒன்றோடொன்று பொருத்தித் தேன்கூடு போன்ற பரப்பை ஆக்குகிறார். பின்னர்த் தாய் வடிவத்தை மட்டும் திருத்துகிறார். பரப்பு முழுவதும் தானே மாறுகிறது. சேய் வடிவத்தை நகர்த்தலாம், திருப்பலாம், பெருக்கலாம், சுருக்கலாம். அதன் உள்ளமைப்பை மட்டும் தனியே மாற்ற இயலாது. ஒரு சேய்க்குள் இன்னொரு சேய் இருக்கலாம். எந்த வடிவமும் தன்னைத்தானே தன்னுள் கொள்ளல் ஆகாது.

தறியில் கயிறாக இருந்தது இங்கே நினைவகத்தில் சுட்டாக மாறியது. திரையில் நூறு அறுகோணம் தோன்றினும் கணினியின் நினைவில் அறுகோணம் ஒன்றே. மற்றவை 'அங்கே காண்க' என்னும் குறிப்புகளே. சேய்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இணைப்புப் புள்ளிகளையும் சதர்லண்ட் தாய் வடிவத்திலேயே குறித்து வைத்தார். வடிவத்தை ஆக்கும்போதே அது எங்கே, எதனோடு இணையும் என்பதையும் எண்ணியாக வேண்டும் என்பது அதன் பொருள். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் இடத்துக்கு ஓர் இயலையே ஒதுக்கிய மரபினர்க்கு இது வியப்பளிக்காது.

தாம்பரத்துக் கோல ஆய்வு

இதன்பின் பத்தாண்டுக்குள், சென்னையை அடுத்த தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதனைச் செய்தோர் கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் இராணி சிரோமணி, இராணி அம்மையாரின் மாணவியார் கமலா கிருத்திவாசன் ஆகியோர். கிஃப்ட் சிரோமணி (1932–1988) புள்ளியியல் பேராசிரியர். கல்வெட்டெழுத்து, மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடையணி, அச்சிட்ட தமிழெழுத்தைக் கணினி கண்டறியும் முறை எனப் பல துறைகளில் உழைத்தவர். இராணி சிரோமணி கோட்பாட்டுக் கணினியியலில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக விளங்கினார்.

மொழியியலில் நோம் சோம்ஸ்கி வகுத்த இலக்கணக் கோட்பாடு, ஒரு சில விதிகளிலிருந்து முடிவற்ற தொடர்களைப் பிறப்பிக்கலாம் எனக் காட்டியது. தாம்பரத்து அறிஞர்கள் அதனை ஒரு படி கடந்தனர். தொடர் ஒரே திசையில் செல்வது. ஓவியமோ அகலமும் நீளமும் உடையது. ஆகவே சொற்களின் வரிசைக்கு மாற்றாகக் கட்டங்களின் அடுக்குகளைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை அவர்கள் வகுத்தனர். 1972 முதல் வந்த அவர்களது கட்டுரைகளுள் 1974ஆம் ஆண்டில் கணினி வரைவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான 'அடுக்கு இலக்கணங்களும் கோலமும்' என்னும் பொருளுடைய கட்டுரை குறிப்பிடத்தக்கது. உலகின் கணினி வரைவியல் ஏடொன்றில் 'கோலம்' என்னும் தமிழ்ச்சொல் தலைப்பிலேயே இடம்பெற்றது.

அவர்கள் கண்டது யாது? கோலங்கள் தனித்தனிப் படங்கள் அல்ல, குடும்பங்கள். சிறு உறுப்பு ஒன்றை விதிப்படி அடுக்கிக்கொண்டே போனால் அதே குடும்பத்தின் பெரிய கோலம் பிறக்கும். கண்ணனின் காற்சிலம்பு என்று ஆய்வுலகில் பெயர்பெற்ற கோல வரிசையில், ஒவ்வொரு படியிலும் உறுப்பு பெருகிக்கொண்டே செல்லும். கோடோ அறுபடாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். இக்கோலங்களை விதியால் பிறப்பிக்கும் முயற்சியைப் பின்னர் வெளிநாட்டறிஞரும் மேற்கொண்டனர். செடி கொடிகளின் வளர்ச்சியை விளக்க 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் வகுத்த விதிமுறையைக் கொண்டு பிரசெமிஸ்லாவ் புருசின்கியவிச்சு என்னும் கணினியறிஞர் வரைந்த உருவங்களுள் நம் கோலங்களும் இருந்தன.

1980களில் கிஃப்ட் சிரோமணி வேறொரு வழியையும் மேற்கொண்டார். முடிந்த கோலத்தை நோக்காமல், வரையும் கையின் இயக்கத்தை நோக்கினார். கம்பிக் கோலம் ஒன்றை இழுக்கும் கையின் அசைவுகளை ஏழு அடிப்படை நகர்வுகளாகக் குறிக்கலாம் எனக் கண்டார்: நேராகச் செல்வது ஒன்று, வலப்புறம் வளைவன மூன்று, இடப்புறம் வளைவன மூன்று. மனத்தில் படமாக நிற்பது ஒருபுறமிருக்க, கை நினைவில் வைப்பது இந்நகர்வுகளின் வரிசையையே என்னும் கருத்து இதனால் வலுப்பெறுகிறது. பாடலை எழுத்தெழுத்தாக நினையாமல் சந்தமாக நினைவில் வைக்கும் பாவலர்க்கு இது விளங்கும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உன்னுதல் வேண்டும். சதர்லண்டின் சேய் வடிவம் தான் இருக்கும் இடத்தைப் பொருட்படுத்தாது. எங்கு வைத்தாலும் அதே அறுகோணம். கோலத்தின் உறுப்போ அவ்வாறன்று. நடுவில் நிற்கும் உறுப்பு நான்கு புறமும் கோட்டை அடுத்ததற்குக் கையளிக்கும். ஓரத்தில் நிற்பது கோட்டை வளைத்து உள்ளே திருப்பும். மூலையில் நிற்பது இன்னும் வேறாக வளையும். வாசலில் கோலமிடுபவர் இம்மாற்றங்களைத் தனித்தனியே கற்பதில்லை. உறுப்பையும் அதன் இடத்தையும் ஒருங்கே கற்கிறார். கணினி வரைவு இந்நிலையை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

பிளாக்: ஆக்கலும் ஆளலும்

ஸ்கெட்ச்பேட் இயங்கிய கணினி ஓர் அறையை அடைத்து நின்றது. அம்முறை மேசைமேல் வந்தது 1982இல். அவ்வாண்டு ஜான் வாக்கரும் தோழர்களும் அமெரிக்காவில் 'ஆட்டோடெஸ்க்' நிறுவனத்தைத் தொடங்கினர். ஆண்டின் இறுதியில் 'ஆட்டோகேட்' மென்பொருள் வெளிவந்தது. சிறு கணினியில் இயங்கியமையால் அது சிறு பட்டறைகளையும் கட்டட வரைவகங்களையும் எட்டியது. 1794ஆம் ஆண்டு சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிக் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் முதல் தொழிற்பயிற்சி நிலையங்கள் வரை, வரைபலகையும் 'டி' வடிவச் சட்டமும் கொண்டு பயின்ற தலைமுறைக்குப் பின் திரையில் பயின்ற தலைமுறை வந்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்கூடங்களில் பணிபுரியும் இளைஞர் பலர்க்கு இன்று இது பிழைப்புக்கல்வி.

ஆட்டோகேட்டில் தாய் வடிவத்துக்குப் 'பிளாக்' என்று பெயர். அதனை ஆக்குவோர் மூன்றைச் செய்கின்றனர்: கோடுகளைத் தெரிவு செய்கின்றனர், பெயர் இடுகின்றனர், அடிப்புள்ளி ஒன்றைக் குறிக்கின்றனர். பின்னர் வடிவத்தை அழைக்கும்போது அப்புள்ளியைப் பற்றியே அது வந்து அமரும். கதவுக்கு அடிப்புள்ளி அதன் கீல். திருகாணிக்கு அதன் மையம். புள்ளியைத் தவறாக வைத்தவர் ஒவ்வொரு முறையும் கதவை இழுத்து இழுத்து நிலைக்குப் பொருத்த வேண்டியிருக்கும்.

அம்மென்பொருளில் படம் பல 'லேயர்'களாக, ஒளிபுகும் தாள்களை அடுக்கினாற்போல, அமைந்திருக்கும். அவற்றுள் சுழியம் என்னும் எண்ணுடைய லேயருக்குத் தனித்தன்மை உண்டு. அதில் வரைந்து ஆக்கிய வடிவம், எந்த லேயரில் இடப்படுகிறதோ அதன் நிறத்தையும் கோட்டு வகையையும் ஏற்கும்படி அமையும். வேறு லேயரில் வரைந்து ஆக்கியதோ எங்குச் சென்றாலும் தான் பிறந்த லேயரைத் தன்னுடன் கொண்டு செல்லும். இரண்டுக்கும் தேவை உண்டு. எதனைப் புக்க இடத்துக்கு விட்டுக்கொடுப்பது, எதனைப் பிறந்த இடத்ததாகவே காப்பது என்பதை ஆக்குவோர் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வடிவத்தோடு எழுத்துச் செய்தியையும் பிணைக்கலாம். ஒரு மோட்டாரின் குறியீட்டோடு அதன் திறன், செய்தவர் பெயர், விலை ஆகியவற்றைச் சேர்த்துவைத்தால், படத்திலுள்ள மோட்டார்கள் அனைத்தையும் பட்டியலாகவே எடுத்துக்கொள்ள முடியும். வடிவத்தைத் திருத்தி மீண்டும் அதே பெயரில் வரையறுத்தால் அப்படத்தில் உள்ள படிகள் அனைத்தும் திருந்தும். 'எக்ஸ்ப்ளோட்' என்னும் கட்டளையால் ஒரு சேயைத் தனிக் கோடுகளாக உடைக்கலாம். உடைந்தது தன் விருப்பம்போல் மாறும் உரிமை பெறும். ஆனால் தாய் திருந்தும்போது அது திருந்தாது. 'பர்ஜ்' என்னும் கட்டளை எங்கும் வழங்காத தாய் வடிவங்களைக் கோப்பிலிருந்து களையும். 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் நீளமும் நிலையும் இடத்துக்கேற்ப மாறக்கூடிய இயங்கு வடிவங்களும் வந்தன. ஒரே கதவுக் குறியீடு பல அகலங்களில் நிற்கலாயிற்று. கோலத்தின் உறுப்பு ஓரத்தில் வேறாகவும் நடுவில் வேறாகவும் வளைவதை நோக்கி வரைவு மென்பொருள் எடுத்த அடி இது.

ஆக்குவதினும் ஆள்வது அரிது. ஒரு நிறுவனத்தில் பத்து வரைவாளர் இருந்து, பத்துப் பேரும் 'கதவு–1' என்று பெயரிட்டால் என்ன ஆகும்? ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைக் கொணரும்போது, இரண்டிலும் ஒரே பெயருடைய வடிவம் இருந்தால், ஏற்கெனவே உள்ள படத்தின் வடிவமே நிற்கும். வந்த படத்தின் வடிவம் ஓசையின்றி மறையும். அதன் இடமெல்லாம் வீட்டுக்காரரின் வடிவம் அமர்ந்திருக்கும். கோடு அழிந்ததாகவும் தெரியாது, பிழை நேர்ந்ததாகவும் தெரியாது. இதனாலேயே நிறுவனங்கள் பெயரிடும் விதிகளை வகுத்து, பொது நூலகம் ஒன்றில் வடிவங்களை வைத்து, திருத்தும் உரிமையை ஒருவரிடமோ சிலரிடமோ ஒப்படைக்கின்றன. இந்தியத் தர நிறுவனம் கட்டட வரைவுக்கும் மின்வரைவுக்கும் குறியீடுகளை வகுத்ததும், 1988ஆம் ஆண்டு பள்ளி கல்லூரிகளுக்கான பொறியியல் வரைவு நெறிகளைத் தனிநூலாக வெளியிட்டதும் இப்பொதுமையை நாடியே.

பெயர் ஒழுங்கு இல்லாத நூலகம் எவ்வாறு அழியும் என்பதைத் தமிழ் எழுதுவோர் தம் அனுபவத்திலேயே கண்டனர். ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் எண்களை வழங்கியது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கவிதை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாயிற்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுக் குறியாக்கத்தையும் விசைப்பலகையையும் வகுக்க முனைந்தது இத்தீங்கைத் தவிர்க்கவே. கவிதை அழியவில்லை, அதன் எழுத்துகளுக்குரிய பெயர்ப்பட்டியலே தொலைந்தது. விளைவு இரண்டுக்கும் ஒன்றே.

பாவலர்க்கு உரியது

மீளப் பயன்படும் வடிவம் படைப்பாற்றலுக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. 'தேய்ந்த உவமை', 'வழக்கமான தொடர்' என்று குறை கூறுகிறோம். இதனை மறுசிந்தனை செய்ய ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு உதவும். 1968ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு வெளியிட்ட 'தமிழ் வீரயுகக் கவிதை' பற்றிய அவரது ஆங்கில நூல், சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் அடைகளையும் வாய்மொழி மரபின் வாய்பாடுகளாகக் கண்டது. ஹோமரின் காப்பியங்களுக்கு மில்மன் பாரியும், யுகோசுலாவியப் பாணர்களுக்கு ஆல்பர்ட் லார்டும் செய்த ஆய்வின் வழி அது. அம்முடிவை அனைவரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஜார்ஜ் ஹார்ட் போன்றோர் சங்கப் புலவர் எழுத்தறிந்தோர் என்றும், வாய்மொழிப் பாணர் மரபை ஒட்டிப் பாடினர் என்றும் கருதினர். எனினும் சேமித்த வடிவங்களின் களஞ்சியம் ஒன்று புலவர்க்கு இருந்தது என்பதில் இரு சாராரும் உடன்படுவர்.

தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டையும் இவ்வகையில் நோக்கலாம். குறிஞ்சிக்கு மலையும் வேங்கையும், நெய்தற்குக் கடலும் புன்னையும் எனக் கருப்பொருள்கள் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. புலவர் அவற்றைப் புதிதாகப் படைப்பதில்லை; அழைத்து இடுகிறார். ஆனால் இட்ட இடத்தில் அவை உள்ளுறையாகவும் இறைச்சியாகவும் வேறு பொருள் பெறுகின்றன. வடிவம் பொது, பொருள் அது நிற்கும் இடத்தால் வருவது. வரைவாளரின் குறியீடு எங்கு நின்றாலும் ஒரே பொருளைத் தரவேண்டும். பாவலரின் குறியீடு நிற்குமிடத்துக்கேற்பப் பொருள் பெறவேண்டும். களஞ்சியம் இருவர்க்கும் ஒன்றே. அழைக்கும் விதம் வேறு. ஒரே பெயர் இருவரிடமும் அமைந்ததன் காரணம் இதுவெனக் கொள்ளலாம்.

இனி மூன்றாவது வினா. சதர்லண்டின் அறுகோணத்துக்கு அவர் பெயர் உண்டு. ஆலையின் குறியீட்டுக்கு நூலகப் பதிவு உண்டு. வாசலில் இட்ட கோலத்துக்கோ கீழே கையொப்பமிடும் வழக்கம் இல்லை. நடந்த காலடியில் அது மாலைக்குள் அழியும். அடுத்த தலைமுறைக்குச் செல்வது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு, அல்லது பள்ளி நோட்டின் பின்பக்கத்தில். தறியின் புட்டாவுக்கும் இதே நிலை. வடிவம் வணிகத்துக்குச் செல்லும். அதனைக் கட்டத்தாளில் முதலில் இட்டவரின் பெயர் செல்வதில்லை. இன்று இவ்வடிவங்களைக் கணினியில் ஏற்றி, ஆங்கில எழுத்தும் எண்ணுமாகிய பெயரிட்டு விற்போர் பலர். வடிவம் காக்கப்படுகிறது என நாம் மகிழ்கிறோம். பெயர்ப்பட்டியல் தொலைந்த கவிதைக் கோப்பைப் போல, எந்த ஊர், எந்தக் கை, எந்த நாள், என்ன பெயர் என்பதெல்லாம் ஓசையின்றி மறைகின்றன. ஏற்கெனவே உள்ள படத்தின் வடிவமே நிற்கும் என்னும் மென்பொருள் விதி பண்பாட்டிலும் செல்லுபடியாகிறது.

பள்ளிப்பட்டு எல்லை ஊர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாறு நம் மூத்தோர் அறிந்தது. ம.பொ.சிவஞானத்தின் தலைமையில் எழுந்த எல்லைப் போராட்டம் அதன் பின்னணி. கோடு எங்கே விழுந்தாலும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் வழங்கும் வாழ்வு தொடர்கிறது. வாசலில் இடும் வடிவம் ஒரு வீட்டில் கோலம். அடுத்த வீட்டில் முக்கு. ஒரு வடிவத்துக்கு இரு பெயர் உள்ள இடத்தில், ஒரு பெயரை மட்டும் பதிந்தால் பாதி வரலாறு போய்விடும்.

நிறைவாக

பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கம். இவ்வட்டாரத்துக் கோலங்களையும் நெசவு வடிவங்களையும் தொகுப்போம். வடிவத்தைத் தொகுக்க ஒளிப்படக் கருவி போதும். பெயரைத் தொகுக்கத்தான் மொழியறிந்தோர் வேண்டும். அது நம்மால் இயலும்.

ஒவ்வொரு வடிவத்தோடும் ஐந்து செய்திகளைப் பிணைத்தல் வேண்டும்: அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயர், தெலுங்குப் பெயர் இருப்பின் அதுவும், யாரிடம் கற்றது, எந்த நாளில், எதற்காக இடப்படுவது, புள்ளிக் கணக்கு அல்லது இழைக் கணக்கு, எங்கு மாறலாம், எங்கு மாறலாகாது என்று அதனை ஆக்குவோர் சொல்வது. பெயரை வெளியிட அவர் உடன்பட்டால் அவர் பெயரையும் எழுதுவோம். உடன்படாவிட்டால் ஊரையும் தெருவையும் மட்டும் குறிப்போம். திருத்தும் உரிமை அவ்வடிவத்தைத் தந்தவரிடமே இருக்கட்டும். அவர் வேறொன்று சொன்னால் பழையதை அழிக்காமல் அருகில் எழுதுவோம்.

ஐந்தாவது செய்தியே எல்லாவற்றிலும் அரியது. மற்ற நான்கையும் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எங்கு மாறலாம் என்பதை, ஆக்கும் கையின் அருகில் அமர்ந்து கேட்டால் ஒழிய அறிய இயலாது. அக்கைகளுள் பல முதுமை எய்திவிட்டன. வரும் மார்கழியில் பணியைத் தொடங்கினால், அடுத்த மலருக்கு முதல் தொகுதி ஆயத்தமாகும்.